சிவப்பின் மேல் கறுப்பு

“படிச்சுட்டா அடுத்தவங்க மண்டைக்குள்ள என்ன ஓடுதுன்னு தெரிஞ்சுருமா கண்ணு?” என்று அத்தை கேட்டாள்.

அத்தை அப்பாவின் தங்கை. நானும் அப்பாவும் வேலை பார்த்த அதே பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவில் இருந்தாள். அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் எங்கள் வீட்டுக்கு வந்ததே இதைக் கேட்கத்தான். அப்பாவால் இனிப் பழைய வேலையைச் செய்ய முடியாது என்று நான் கம்பெனியில் சொல்லியிருந்தேன். அது அவள் காதுக்குப் போய்விட்டது. எனக்குக் கோபம் வந்தது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குள் போன முதல் ஆள் நான். பி.காம். முடித்தவள், கம்ப்யூட்டர் தெரிந்தவள். எதையும் சோதித்துப் பார்க்காமல் சொல்கிற பழக்கம் எனக்கு இல்லை. அப்பாவையும் இரண்டு வாரம் சோதித்துப் பார்த்துவிட்டுத்தான் சொன்னேன்.

அப்பா கட்டிங் பிரிவில் நம்பர் போடுகிறவர். சாயப்பட்டறையிலிருந்து வருகிற துணி, பார்வைக்கு ஒரே சிவப்பாகத்தான் இருக்கும். ஆனால் ஒரு தடவையில் சாயம் ஏறிய துணி ஒரு லாட்; ஒரு லாட்டின் சிவப்பும் அடுத்த லாட்டின் சிவப்பும் ஒன்றல்ல. கலந்துவிட்டால் பனியனின் உடம்பு ஒரு சிவப்பாகவும் கை வேறொரு சிவப்பாகவும் தைத்து வரும். பெட்டி முழுவதும் திரும்பி வந்துவிடும். அதனால் வெட்டிய ஒவ்வொரு துண்டுக்கும் எண் போட்டு, ஒரே லாட்டைச் சேர்ந்த முன்பக்கம், பின்பக்கம், கை எல்லாவற்றையும் வரிசை மாறாமல் ஒன்றாகக் கட்ட வேண்டும். அப்பாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. எண்ணும், எஸ், எம், எல் என்கிற எழுத்துகளும் மட்டும் தெரியும். அதை வைத்துக்கொண்டே, நான் பிறப்பதற்கு முன்பிருந்து அந்த வேலையைச் செய்தார்.

ஒரு நாள் நம்பர் போடும் மேசை மேலேயே சாய்ந்துவிட்டார். இடது கையும் பேச்சும் போயின. இரண்டு மாதத்தில் கை பாதி திரும்பியது. பேச்சு குழறலோடு நின்றுவிட்டது. விரலுக்கும் மூளைக்கும் ஏதாவது வேலை கொடுத்துக்கொண்டே இருங்கள் என்று டாக்டர் சொன்னார். எனக்கு உடனே ஞாபகம் வந்தது சாலிடேர்.

ஆபீஸில் என் வேலை பேக்கிங் லிஸ்ட் அடிப்பது. துணி வரத் தாமதமானால் எனக்கு வேலை இருக்காது. கம்ப்யூட்டரில் கிடந்த அந்த ஒற்றை ஆள் சீட்டாட்டத்தை நானாகவே ஆடிப் பார்த்துக் கற்றுக்கொண்டேன். ஏழு வரிசை. முதல் வரிசைக்கு ஒரு சீட்டு, இரண்டாவதற்கு இரண்டு, இப்படியே ஏழாவதற்கு ஏழு. ஒவ்வொன்றிலும் கடைசிச் சீட்டு மட்டும் முகம் காட்டும். மிச்சம் இருபத்து நான்கு சீட்டும் கையில் கட்டாக இருக்கும். வரிசைகளில் பெரிய எண்ணின் மேல் அதற்கு அடுத்த சின்ன எண் வர வேண்டும், நிறம் மாறி மாறி வர வேண்டும். கறுப்பு ஒன்பதின் மேல் சிவப்பு எட்டு, அதன் மேல் கறுப்பு ஏழு. மேலே நான்கு இடம் காலியாக இருக்கும். அங்கே ஏஸில் தொடங்கி ராஜா வரை, ஆர்ட்டின் தனியாக, ஸ்பேடு தனியாக, ஒவ்வொரு இனத்தையும் ஏறுவரிசையில் சேர்க்க வேண்டும். நான்கு ராஜாக்களும் மேலே போய்விட்டால் ஜெயிப்பு.

எங்கள் ஆபீஸில் என்னைப் போல் ஜெயித்தவர்கள் இல்லை. மற்றவர்கள் கட்டிலிருந்து சீட்டை எடுப்பதிலேயே குறியாக இருந்தார்கள். நான் முதலில் வரிசைகளைப் பார்ப்பேன். எதில் அதிகம் சீட்டுகள் கவிழ்ந்து கிடக்கின்றனவோ அதைத்தான் முதலில் திறக்கப் பார்ப்பேன். வைப்பதற்கு ராஜா கையில் இல்லாதபோது ஒரு வரிசையைக் காலி செய்ய மாட்டேன், ஏனென்றால் காலி இடத்தில் ராஜாவைத் தவிர வேறு எதுவும் உட்காராது. ஏஸும் இரண்டும் வந்தால் உடனே மேலே அனுப்பலாம். மூன்று, நான்கு, ஐந்தை அவசரப்பட்டு அனுப்பக் கூடாது, கீழே அவற்றுக்கு வேலை இருக்கும். இவ்வளவும் செய்த பிறகும் ஜெயிக்க முடியாத ஆட்டங்கள் உண்டு. சீட்டு விழுந்த விதம் அப்படி. அதைக் கண்டுகொண்டால் கலைத்துவிட்டுப் புதிதாகப் போட வேண்டியதுதான்.

கடைவீதியில் ஒரு சீட்டுக்கட்டு வாங்கி வந்தேன். வீட்டுக்குள் சீட்டா என்று அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கட்டிலின் மேல் பலகையை வைத்து ஏழு வரிசை பரப்பினேன். அப்பா சீட்டையே தொட்டறியாதவர். ஜாக்கி, ராணி, ராஜா என்று மூன்று படங்களையும் காட்டி, பத்துக்கு மேல் இந்த வரிசை என்றேன். ஒரே தடவையில் பிடித்துக்கொண்டார்.

நிறத்தில்தான் சிக்கியது. கறுப்பு ஒன்பது மேலே சீட்டில்லாமல் நிற்கும், அப்பா கையில் ஆர்ட்டின் எட்டு இருக்கும், வைக்க மாட்டார். ஆர்ட்டின் ஒன்பது எங்கே என்று கண்ணால் தேடுவார். டைமண்ட் ஒன்பதின் மேலும் வைக்க மாட்டார், அதுவும் சிவப்புத்தானே என்று கூட நினைக்க மாட்டார். நான் கையைப் பிடித்து வைத்தால், நல்ல கையால் அந்தச் சீட்டை விலக்கிவிட்டு, “தப்பு” என்பார். குழறாமல் வந்த ஒன்றிரண்டு சொற்களில் அது ஒன்று.

“அப்பா, செவப்பு மேல கறுப்பு, கறுப்பு மேல செவப்பு. எத்தன வாட்டிங்க சொல்றது?”

அவர் ஏதோ சொல்ல வாயெடுப்பார். வார்த்தை வந்து சேர்வதற்குள் நான் அடுத்த சீட்டைத் திருப்பியிருப்பேன். முதல் வாரம் பொறுமையாகச் சொன்னேன். இரண்டாவது வாரம் என் குரல் உயர்ந்தது. பள்ளியில் எனக்குக் கணக்கு வராதபோது ஆசிரியை எப்படிப் பேசினாரோ அப்படியே நான் அப்பாவிடம் பேசினேன்.

அந்தச் சமயத்தில்தான் கட்டிங் இன்சார்ஜ் என் மேசைக்கு வந்தார். பெரிய ஆர்டர் ஒன்று இறங்கியிருந்தது. இரண்டரை மாதமாக அப்பாவின் இடத்தில் நிரந்தரமாக ஆள் போடாமல் ஒப்பேற்றிக்கொண்டிருந்தார்.

“உங்கப்பா வந்து உக்காந்தா நம்பர் சமாளிப்பாராம்மா? நீ படிச்ச புள்ள. நீ சொன்னா நான் நம்பிக்குவேன்.”

அந்தக் கடைசி வார்த்தைகள் எனக்கு இனித்தன. அதை மறைப்பதில் பயனில்லை.

“இன்னும் முடியாதுங்க. ரெண்டு வாரமா ஒரே ரூலச் சொல்லித் தர்றேன், மனசுல நிக்க மாட்டேங்குதுங்க.”

அவர் தலையசைத்துவிட்டுப் போனார். உண்மையைச் சொன்ன திருப்தியோடு நான் பேக்கிங் லிஸ்டுக்குத் திரும்பினேன்.

இதைத்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை அத்தை கேட்டாள். வேண்டுமானால் நீயே பார்த்துக்கொள் என்று பலகையை எடுத்து வந்து அவள் முன்னாலேயே சீட்டைப் பரப்பினேன். அப்பா ஆடத் தொடங்கினார். கறுப்பு ஜாக்கி காத்திருக்க, கையில் டைமண்ட் பத்தை வைத்துக்கொண்டு வரிசை வரிசையாகத் தேடினார். பார்த்தாயா என்பதுபோல் அத்தையைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. அப்பாவின் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஏனுங்ண்ணா, லாட்டு கலந்துரும்னு பாக்கறீங்களா?”

அப்பா நிமிர்ந்தார். அத்தை அவசரப்படாமல் காத்திருந்தாள். நான் ஒருமுறைகூட அவ்வளவு நேரம் காத்திருந்ததில்லை.

“ஆமா,” என்றார். பிறகு, ஒவ்வொரு சொல்லாக, “செவப்புல… கறுப்பக் கட்டுனா… ரிஜெட்டாயிரும்ல.”

அத்தை சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

அன்றைக்குத்தான் நான் அப்பா ஆடிய ஆட்டத்தைப் பார்த்தேன். இரண்டு வாரத்தில் எண் வரிசை அவருக்கு ஒருமுறைகூடத் தவறியதில்லை. மேலே சேர்க்கும் நான்கு கட்டுகளில், ஒரே இனத்தை ஒரே இனத்தோடு சேர்க்கும் இடத்தில், என்னைவிட வேகமாகச் சேர்த்தார். கம்பெனிக்கு வேண்டியது அது மட்டும்தான். நான் பிடிவாதமாகச் சொல்லித் தந்தது, அந்த மேசையில் ஒருபோதும் செய்யக் கூடாத ஒன்றை.

திங்கட்கிழமை காலை முதல் வேலையாக இன்சார்ஜிடம் போய் நான் சொன்னது தவறு என்றேன். அவர் அப்பாவின் மேசையைக் காட்டினார். தெற்கத்திப் பக்கத்திலிருந்து குடும்பத்தோடு வந்திருந்த ஒருவர் அங்கே குனிந்து எண் போட்டுக்கொண்டிருந்தார். அவரை எழுப்பிவிடச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இன்சார்ஜும் திட்டவில்லை. நீ சொன்னதைத்தானே நான் கேட்டேன் என்று மட்டும் சொன்னார்.

அப்பாவிடம் அன்று மாலையே எல்லாவற்றையும் சொன்னேன். இன்சார்ஜ் என்னிடம் கேட்டது, நான் சொன்ன பதில், இப்போது இடம் போனது, எல்லாம்.

“போச்சாது உடு சாமி,” என்றார் அப்பா, போனால் போகட்டும் என்பதுபோல்.

பிறகு சீட்டைப் பரப்பச் சொல்லிக் கை காட்டினார். அன்று கறுப்பின் மேல் சிவப்பு வைத்தார், சிவப்பின் மேல் கறுப்பு வைத்தார். ஒரு சீட்டுக்குக்கூட நான் வாய் திறக்க வேண்டியிருக்கவில்லை. நான்கு ராஜாக்களும் மேலே போய்விட்டார்கள். ஜெயிச்சுட்டீங்கப்பா என்றேன். அவர் சீட்டுகளை ஒன்றாகச் சேர்த்து, ரப்பர் பேண்டு போட்டு, என் கையில் கொடுத்தார். அதன் பிறகு அவர் சீட்டைத் தொடவே இல்லை.

அந்த வருஷம் முழுவதும் காலை எட்டு மணிக்குச் சட்டை மாட்டிக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருப்பார். நான் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு அவரைக் கடந்து வேலைக்குப் போவேன். எனக்குச் சம்பளம் கூடியது, மேசை மாறியது. கட்டிலிலிருந்து வாசல் வரையான அந்த இரண்டு எட்டு தூரத்தைக் கடப்பதுதான் ஒவ்வொரு நாளும் கஷ்டமாக இருந்தது.

போன வாரம் நெருப்பெரிச்சல் என்கிற பகுதியில் ஒரு சின்ன பனியன் யூனிட்டில் நம்பர் போட ஆள் தேடுவதாக அத்தை வந்து சொன்னாள். அந்த யூனிட் முதலாளிக்குப் போன் செய்தேன். அப்பாவுக்கு உடம்பு முடியாமல் இருந்ததை மறைக்காமல் சொன்னேன். இப்போது எப்படி இருக்கிறார், வேலை தாங்குவாரா என்று என்னிடம் கேட்டார். அவுங்களையே கேளுங்க, பதில் வரக் கொஞ்ச நேரமாகுங்க, இருந்து கேளுங்க என்றேன்.

இன்று காலை லீவு எழுதிக் கொடுத்துவிட்டு, அப்பாவை வண்டியில் பின்னால் உட்காரவைத்து அங்கே கூட்டிப் போனேன். அவர் கேட்டைத் தாண்டி உள்ளே போனார். நான் போகவில்லை. வண்டியை எதிர்ப்பக்கம் நிறுத்திவிட்டு ரோட்டோரம் நின்றுகொண்டேன்.