மீனைக் காப்பாற்றியது குங்குமம் அல்ல

முழங்கை நீளத்தில் ஒரு கறுப்புக் குழாய். தண்ணீர் போக ஒரு மூக்கு, வர ஒரு மூக்கு. உள்ளே ஒரு கண்ணாடிக் குழல், அதற்குள் கண்ணால் நேராகப் பார்க்கக் கூடாத ஒரு நீல விளக்கு. கடல்மீன் தொட்டியின் தண்ணீர் இதற்குள் புகுந்து, விளக்கைச் சுற்றிக்கொண்டு வெளியே வரும்போது, அதில் மிதக்கிற நோய்க்கிருமிகள் செத்துவிடும். யூவி என்று கடையில் சொன்னார்கள். இதைத் தாண்டி இதில் எந்தச் சூட்சுமமும் கிடையாது. சித்தூரில் இருக்கும் என் மனைவி வழிச் சொந்தங்கள் அத்தனை பேருக்கும் இதைப் பல வருடங்களாகச் சொல்லிவந்தேன். ஒருவரும் நம்பவில்லை. காரணம் என் சகலை.

என் மனைவியின் தங்கை புருஷன் அவன். சித்தூரில் வீடு வீடாகக் குடிதண்ணீர் மெஷின் மாட்டுவது தொழில். எந்த மெஷினையும் முதலில் விரலால் தட்டி, தர்பூசணி வாங்குகிறவன் மாதிரி காதை வைத்துக் கேட்பான். பிறகு தெலுங்கில் "ஏமி காது" என்பான், ஒன்றும் ஆகாது என்று அர்த்தம். அவன் அப்படிச் சொன்ன எல்லா இடத்திலும் ஏதாவது ஆகியிருக்கிறது. ஆனாலும் எல்லோரும் அவனைத்தான் கூப்பிடுவார்கள். நானும் கூப்பிட்டேன். என் புத்தியை என்னவென்று சொல்வது?

திருப்பதியில், மலைக்குப் போகிறவர்கள் தங்கும் ஓட்டல் ஒன்றில் எனக்கு வேலை. ஊரே மலையைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டிருக்க, நான் மட்டும் வாடகை வீட்டுக் கூடத்தில் கடலை வைத்திருந்தேன். சென்னையிலிருந்து உப்பை வரவழைத்து, சுத்தமான தண்ணீரில் கரைத்து, ஒரு குட்டிக் கடல். டிவி ஸ்டாண்டு முழுக்க உப்புப் பூத்திருக்கும். துடைப்பது என் மனைவி. அதில் விட்ட மீன்களோ, ஒன்றைப் பார்த்து இன்னொன்று என்று மேலுலகம் போய்க்கொண்டிருந்தன. கடைசியில் மிஞ்சியது உள்ளங்கை அகலத்தில், நீல உடம்பும் மஞ்சள் வாலுமாக ஒரே ஒரு மீன். "இதுவும் செத்து மெதந்துச்சின்னா தொட்டி வெளிய போயிடும். கூட போறதா இருந்தா நீங்களும் போலாம்" என்று மனைவி சொல்லிவிட்டாள். சொன்னால் செய்கிறவள். அந்த மீனின் உயிரில்தான் என் கடல் இருந்தது.

அதன் மேல்தான் ரவையைத் தூவினதுபோல வெள்ளைப் புள்ளிகள் வந்தன. மீன் தீனியைத் திரும்பிப் பார்க்கவில்லை. கல்லில் உடம்பை உரசிக்கொண்டு மூலையில் நின்றது. புள்ளிக் கிருமி மீனை விட்டு இறங்கித் தண்ணீரில் மிதக்கும் ஒரு பருவம் உண்டு, அப்போது இந்த விளக்கு அதைக் கொன்றுவிடும் என்றார் கடைக்காரர். வாங்கிவந்தேன். அட்டைப்பெட்டியில் இருந்த எச்சரிக்கைகளைப் படித்ததும் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கண்ணுக்கு ஆபத்து, தோலுக்கு ஆபத்து, தண்ணீர் ஓடாமல் விளக்கைப் போட்டால் விளக்குக்கே ஆபத்து. கூலிங் கிளாஸ் ஒன்றை மாட்டிக்கொண்டு, அட்டைப்பெட்டியை மூடியே வைத்துவிட்டு, சித்தூருக்கு போன் போட்டேன்.

சகலை ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே வந்துவிட்டான். மீன் உயிருக்குப் போராடிக்கொண்டிருக்கிறது, இவன் தோசைக்கு இன்னொரு கரண்டி சட்னி கேட்கிறான். எனக்கு வயிற்றெரிச்சல். "துன்னுட்டு பாக்கலாம் சகலை, மீனு எங்கியும் ஓடிடாது" என்றான். வேலையில் இறங்கியதும் தண்ணீர் எந்த வேகத்தில் போக வேண்டும் என்று சண்டை. மெதுவாகப் போனால்தான் வெளிச்சம் படும் என்பது என் கட்சி. அவன் வேகக் கட்சி. பெட்டியில் அச்சிட்டிருந்ததைக் காட்டி நான்தான் ஜெயித்தேன். தோற்ற கடுப்பிலோ என்னவோ, ரப்பர் குழாய்க்கு கிளிப் வாங்கிவரச் சொல்லி என்னைக் கடைக்கு அனுப்பினான். திரும்பி வந்தபோது எல்லாவற்றையும் பூட்டி முடித்துவிட்டு, கையைத் துடைத்தபடி கல்யாண வீட்டு மாமன் மாதிரி உட்கார்ந்திருந்தான். நான் கூலிங் கிளாஸைச் சரிசெய்துகொண்டு, சுவிட்சைத் தூர நின்று குச்சியால் தட்டினேன். "இன்னா சகலை, பாம் வெடிக்கிறியா?" என்று கேட்டுச் சிரித்துவிட்டு, சாயங்கால பஸ்ஸில் கிளம்பிப் போனான்.

மறுநாள் காலை தொட்டியைப் பார்த்தேன். குழாயிலிருந்து தண்ணீர் விழும் இடத்தில் நூல் மாதிரி சிவப்பு. அந்த நூலுக்குப் பக்கத்தில் மீன். விளக்கு மீனைத் துளைத்துவிட்டது, ரத்தம் வருகிறது என்று முடிவு கட்டினேன். அடுத்து நான் செய்தது, வீட்டின் மெயின் சுவிட்சை இழுத்து அணைத்தது. விளக்கு நின்றது. கூடவே மீனுக்குக் காற்று ஊதும் மோட்டாரும் நின்றது. அடுப்படியில் மிக்ஸியும் நின்றது. வெளியே வந்த மனைவி பார்த்தது, இருட்டுக் கூடத்தில் கூலிங் கிளாஸ் போட்டு, கையில் வலையோடு, மீனிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்த கணவனை. அவள் நேராகத் தொட்டியிடம் போனாள். தண்ணீரில் விரலை விட்டாள், தேய்த்தாள், முகர்ந்தாள்.

"ரத்தமில்ல. குங்குமம். என் தங்கச்சி வூட்ல வெப்பாங்களே, காணிப்பாக்கத்து புள்ளாரு கோயில் குங்குமம்."

குழாயைத் திறந்தேன். உள்ளே இருந்த கண்ணாடிக் குழலுக்கு, பொங்கல் பானைக்குப் பூசுவதுபோல மேலிருந்து கீழ் வரை மஞ்சள். அதன் மேல் வரிசையாகக் குங்குமப் பொட்டு. விளக்கு பாவம் ராத்திரியெல்லாம் எரிந்திருக்கிறது, வெளிச்சம் வெளியே வரத்தான் வழியில்லை. நான் கிளிப்புக்கு அலைந்த நேரத்தில் இவன் பூசை நடத்தியிருக்கிறான்.

போன் போட்டுக் கத்தினேன். அவன் நிதானமாகச் சொன்னான், "புது மெஷினு சகலை. பொட்டு வெக்காம எப்டி ஓட்டறது?"

மெஷினுக்கு வெளியே வைத்துத் தொலைப்பதுதானே என்று கேட்டேன்.

"வெளிய கீறது அதோட சட்ட. பொட்ட சட்ட மேலயா வெப்பாங்க? நெத்தில தான வெப்பாங்க."

போனை வைத்துவிட்டேன். அந்தப் பேச்சுதான் இன்னும் எரிகிறது.

குழலைத் துடைத்து, பாதித் தண்ணீரை மாற்றி, திரும்பப் பூட்டினேன். இந்த முறை குச்சி இல்லாமல் கையாலேயே சுவிட்சைப் போட்டேன் என்பதைப் பதிவு செய்துகொள்கிறேன். சில நாளில் மீன் மூலையை விட்டு வந்தது. தீனியைக் கொத்தியது. புள்ளிகள் ஒவ்வொன்றாக உதிர்ந்தன. மனைவி தொட்டியைப் பற்றிப் பேசுவதை நிறுத்தினாள், அதாவது தொட்டிக்கு அனுமதி கிடைத்தது. நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். ஆனால் சித்தூரில் கதை வேறு மாதிரி ஓடிக்கொண்டிருந்தது.

"பொட்டு கரைஞ்சி தண்ணில கலந்துச்சி, படுத்துக்கினு இருந்த மீனு எழுந்து ஓடுச்சி" என்று சகலை கிரகப்பிரவேசத்திலும் காதுகுத்திலும் சொல்லிக்கொண்டு திரிந்தான். அவன் சொன்னதில் ஒரு வார்த்தை பொய்யில்லை, கலந்தது, ஓடியது. நடுவில் நான் துடைத்ததைத்தான் விட்டுவிட்டான். நான் விடுவேனா? நான் போன விசேஷத்திலெல்லாம் பந்தியில் உட்கார்ந்து, வாழையிலையில் சாம்பாரால் படம் வரைந்து விளக்கினேன். எல்லோரும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, கடைசியில் கன்றுக்குட்டிக்கு உடம்பு சரியில்லை, அந்தக் குங்குமம் கொஞ்சம் கிடைக்குமா என்று அவனிடம் போய் நின்றார்கள். கூட்டத்துக்கு அந்தப் பக்கத்திலிருந்து அவன் என்னைப் பார்த்துக் கண்ணடிப்பான். ஒருமுறை கையைப் பிடித்து நிறுத்திக் கேட்டேவிட்டேன். "நீ சொல்றது தான் நெஜம் சகலை. ஆனா நான் சொல்றத தான் கேக்கறாங்கோ" என்றான்.

போன தை மாதம் அவனுக்கு மாரடைப்பு. ஆஸ்பத்திரி வரை கூடப் போகவில்லை. ஏமி காது என்று சொல்லிவிட்டுத்தான் படுத்தானாம்.

காரியத்தன்று சித்தூர் வீட்டில் எல்லோரும் உட்கார்ந்திருந்தோம். ஒரு பெரியவர் ஆரம்பித்தார், கடல் மீனுக்கே உயிர் கொடுத்த கை அது என்று. எல்லாத் தலையும் ஆடியது. இடம் பொருள் பார்க்கத் தெரியாத நாக்கு எனக்கு. காப்பி டம்ளரோடு எழுந்து நின்று, கண்ணாடிக் குழல், மஞ்சள், வெளிவராத வெளிச்சம், நான் துடைத்தது என்று முதலிலிருந்து கடைசிவரை சொன்னேன். மனைவி சேலை மறைவில் என் காலை மிதித்தாள். நிறுத்தவில்லை.

சொல்லி முடித்தேன். மச்சினி அழுது வீங்கின முகத்தோடு தலையை நிமிர்த்தினாள். "அவரு இருந்தா உங்கள இவ்ளோ தூரம் பேச உட்டிருப்பாரா மாமா?" என்றவள், சிரிக்கவும் செய்தாள். பெரியவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "இவரு சொல்றது தான் சரி. வெளக்கு தான் காப்பாத்திருக்கும்" என்றார். சுற்றி இருந்தவர்கள் ஆமாம் என்றார்கள். அத்தனை பேரும்.

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. இத்தனை வருடம் மறுத்தவர்கள், இன்றைக்கு ஒருத்தராவது மறுக்கக் கூடாதா? ஒருத்தருக்காவது அவன் பக்கம் பேச வாயில்லையா? நின்றபடியே அந்த வீட்டை ஒரு சுற்றுப் பார்த்தேன். பிறகு டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, நான் துடைப்பதற்கு முன்பே, அந்தக் காலையிலேயே, மீன் லேசாக வாலை அசைத்ததென்னவோ வாஸ்தவம்தான் என்று ஆரம்பித்தேன்.