சிவப்பு ஸ்ரிக்கர் யூலியானா

இருட்டறைக் கதவைத் திறக்குமுன் யூலியானா அக்கா காப்பையும் மோதிரத்தையும் கழற்றிப் பைக்குள் போடுகிறார். கறுப்பு மேலங்கியைக் கழுத்துவரை பூட்டுகிறார். மினுங்குகிற எதுவும் உள்ளே போகக்கூடாது. போனால் அந்த ஒளி திரையில் பட்டு அளவு பிழையாகிவிடும். உள்ளே மேசையில் ஒரு திரை வெறும் வெள்ளையாக எரிந்து சூடாகிக்கொண்டிருக்கும். அது ஒரு நிதானத்துக்கு வரும்வரை காத்திருந்து, வெளிச்சம் அளக்கிற கருவியை நடுவில், ஓரங்களில், மூலைகளில் என்று ஒன்பது இடத்தில் வைத்துப் பார்ப்பார். மூலை மங்கினால் ஏச்சுத் தொடங்கும்.

"மூதேவி! நடுவில திருவிழா, மூலையில செத்தவீடோ?"

பிறகு சிவப்பு ஸ்ரிக்கரை எடுத்து ஒட்டுவார். அந்தத் திரை வெளியே போகாது.

சுவிஸில், வில் நகரத்தில், கணினித் திரைகள் செய்கிற தொழிற்சாலை எங்களது. நான் பொதி கட்டும் பகுதியில் நிற்கிறேன்; அளந்த திரைகளை அக்காவிடமிருந்து தள்ளுவண்டியில் எடுத்துப்போவதும் என் வேலை. அக்கா மன்னார்ப் பெண், நாற்பத்தைந்து வயதிருக்கும். வீடுகளுக்கு வந்தாலும் மனிசி திருந்தாது. எங்கள் மகளின் பிறந்தநாளுக்கு வந்தவர், கேக்கை வாயில் வைக்குமுன்பே, "உங்கட ரீவியில இடப்பக்கக் கீழ்மூலை மங்கல், கண்டனீங்களோ?" என்றார். புது ரீவி! அதைத் தெரிவு செய்தவன் நான் என்பதால் என் மனைவி இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை.

திரைக்குப் பின்னால் இருக்கிற விளக்கின் வெளிச்சத்தைச் சமமாகப் பரப்ப ஒரு மெல்லிய தாள் வைப்பார்கள். வைப்பவர்கள் பக்கத்து மண்டபத்தில் இருக்கும் நம்மாட்கள். அவசரத்தில் பெருவிரல் அழுந்தினால் தாள் நெளியும். அந்த இடம் மங்கும். அடிக்கடி அப்படி அழுத்திவிடுகிறவன் றேமன்ட், அக்காவின் சொந்தத் தம்பி. அவனையும் குற்றம் சொல்ல ஏலாது. நாளொன்றுக்கு இத்தனை திரை முடிக்கவேண்டும் என்ற தொகையை இந்த வருடம் செஃப், அதுதான் எங்கள் சுவிஸ்கார மேலாளன், கூட்டிவிட்டான். கூட்டியவனே பிறகு வந்து, சிவப்பு அதிகம் வாங்குகிறவர்களை மாதக் கடைசியில் வேலையால் நிறுத்துவேன் என்றான். இது என்ன நியாயம்? ஓடு ஓடு என்று விரட்டுவதும் இவன், விழுந்தவனை உதைப்பதும் இவன்! எழுதும்போதே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. றேமன்டின் அகதி விண்ணப்பத்துக்கு இன்னும் முடிவு வரவில்லை. முடிவு வரும்வரை தருகிற அந்த 'என்' அட்டையோடு இன்னொரு வேலை எடுப்பது எவ்வளவு கஷ்டம் என்று இங்கே எல்லோருக்கும் தெரியும்.

ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில், தாள் வைக்கும் மண்டபத்துக் கிருபாகரன் அக்காவின் மேசைக்கு வந்து குந்தினான்.

"அக்கா, அளக்கிற மெசினை மூலையில வையாமல் ரெண்டு விரல் உள்ளுக்குத் தள்ளி வையுங்கோவன். பொடியன் தப்பிடுவான். செஃபும் ஓம் எண்டிட்டான்."

ஓம் என்னாமல் அவன் வேறு என்ன சொல்வான்? அவனுக்கு லொறி நிரம்பினால் சரி. முதல்நாள் வரைக்கும் அவனைத் திட்டித் தீர்த்தவர்கள், இந்தக் கள்ள வேலைக்கு அவனோடு கூட்டுச் சேர்ந்துவிட்டார்கள்.

அக்கா கரண்டியைக் கீழே வைத்தார். "இது ஆருக்குப் போற திரை கிருபா? ஆசுப்பத்திரிக்கு. நெஞ்சு எக்ஸ்ரே படம் பாக்கிற திரை. அகதியாய் வரேக்க எல்லையில உன்னைச் சட்டை கழட்டச் சொல்லிப் படம் எடுக்கேல்லையோ? என்ர படத்தில ஏதோ நிழல் கிடக்கு, கசமாம் எண்டு என்னைத் தனி அறையில போட்டாங்கள். பிள்ளையைக்கூடக் கிட்ட விடேல்லை. பிறகு வந்து, ஒண்டுமில்லையாம்! இல்லாத நிழலுக்கு நான் பட்டது காணும். இன்னொருத்தி அப்பிடிக் கிடக்க நான் வழி பண்ணமாட்டன்."

"அப்ப தம்பி?"

"தம்பிக்குப் பெருவிரலை அழுத்தாதை எண்டு நாயாய்க் கத்தினனான். இனி என்ன செய்ய?"

மாதக் கடைசி வெள்ளிக்கிழமை, றேமன்டின் திரை ஒன்றைத் தூக்கிக்கொண்டு செஃபே இருட்டறைக்கு வந்தான். நான் வண்டியோடு அங்கேதான் நின்றேன். அக்கா அளந்தார். நாலாவது மூலை மங்கல். செஃப் இரண்டு விரலை நீட்டி, உள்ளுக்குத் தள்ளு என்று காட்டினான்.

"நைன்," என்றார் அக்கா. "ரோட்." ஏலாது, சிவப்புத்தான் என்று அவன் மொழியிலேயே சொல்லி, ஸ்ரிக்கரை எடுத்து ஒட்டினார். பின்னேரமே றேமன்டை நிறுத்திவிட்டார்கள்.

அதற்குப் பிறகு நம்மவர்களின் வாயைப் பார்க்கவேண்டுமே! சொந்தத் தம்பியின் சோற்றில் மண்ணள்ளிப் போட்டவளாம். சுவிஸ்காரனுக்கு வால் பிடிக்கிறவளாம். 'சிவப்பு ஸ்ரிக்கர்' என்று பட்டமும் வைத்தாயிற்று. வேலையைப் பறித்த செஃபை ஒருத்தரும் ஒரு சொல் ஏசவில்லை. அவனைக் கண்டால் முப்பத்திரண்டு பல்லும் தெரிய 'குறுயெற்சி' என்று வணக்கம் சொல்கிறார்கள். வெட்கம் கெட்டதுகள். அக்கா வீட்டில்தான் றேமன்ட் இருக்கிறான்; அவனும் அவரோடு கதைப்பதில்லை.

ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் தமிழ்ப் பூசை. ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லிக்கொள்ளுங்கள் என்றார் பங்குச் சுவாமி. முன்வரிசை வாங்கில் நின்றவர்கள் திரும்பினார்கள். அக்காவைக் கண்டதும் அப்படியே அடுத்த பக்கம் பார்த்துக் கும்பிட்டார்கள். கிருபாகரன் கூரையைப் பார்த்தான். அக்காவுக்குப் பக்கத்தில் றேமன்ட், இரண்டு கையையும் ஜக்கெற் பைக்குள் விட்டபடி விறைத்துக்கொண்டு நின்றான்.

"கையை எடடா," என்றார் அக்கா, கோவிலென்றும் பாராமல்.

அவன் அசையவில்லை. அவர் அவனுடைய பைக்குள்ளேயே கையை விட்டு, அவன் கையைப் பிடித்து வெளியே இழுத்தார். அவன் உதறினான். அவர் விடவில்லை. நற்கருணை வாங்க வரிசை நகர்ந்தபோது, எல்லோரும் பார்க்க, அந்தக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டே முன்னால் நடந்தார்.