இரண்டு ஆம்ப்ளிஃபையர், ஒரே ஜோடி ஸ்பீக்கர்

லிஃப்ட் பழுது பார்க்கும் கம்பெனியில் அவருக்குக் 'கதவு' என்று பட்டப்பெயர். எந்தக் கட்டடத்திலிருந்து போன் வந்தாலும், "மொதல்ல கதவு சரியா சாத்தியிருக்கான்னு பாருங்க" என்பார். கதவு ஒரு விரற்கடை திறந்திருந்தாலும் லிஃப்ட் மோட்டாருக்குக் கரண்ட் போகக் கூடாது. ஒன்று நடக்கும்போது இன்னொன்று நடக்கவே முடியாதபடி கட்டிப்போட்டு வைப்பதுதான் அந்த வேலையில் பாதி. மனுஷனின் ஞாபகத்தை நம்பாதே, கரண்டைத் தானாக வெட்டிவிடும் ரிலேயை நம்பு என்பது அவர் கட்சி.

மனைவி இறந்து வெகுகாலம் தனியாக இருந்தவர், தலை நன்றாக நரைத்த பிறகு மறுபடி கல்யாணம் செய்துகொண்டார். பெண், ஆஸ்பத்திரி ஒன்றில் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ். அந்த அம்மாளும் கணவரை இழந்தவர். அந்த ஆஸ்பத்திரி லிஃப்ட் ஒருநாள் இரண்டு மாடிகளுக்கு நடுவே நின்றுவிட்டது. கதவு மொட்டைமாடி மோட்டார் அறைக்கு ஏறி, மோட்டாரைக் கையால் சுற்றி லிஃப்டை மெள்ள இறக்கினார். காலி ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்த நர்சம்மா நன்றியெல்லாம் சொல்லவில்லை. "ஏன் இவ்ளோ நேரம்?" என்று கேட்டார். கதவுக்கு அந்தக் கேள்வி பிடித்துப்போயிற்று.

நர்சம்மா புதுவீட்டுக்குக் கொண்டுவந்த சாமான்களில் ஒரு கேசட் டெக்கும், மரப்பெட்டி போட்ட பழைய ஆம்ப்ளிஃபையரும் இருந்தன. அதன் ஸ்பீக்கர்களை எலி கடித்துக் குதறிவிட்டதால் அவை குப்பைக்குப் போயிருந்தன. கதவிடம் ஏற்கெனவே ரெக்கார்ட் பிளேயரும், தூக்கினால் முதுகு பிடித்துக்கொள்ளும் கனத்தில் ஓர் ஆம்ப்ளிஃபையரும், இடுப்புயர ஸ்பீக்கர் ஜோடியும் உண்டு. இன்னொரு ஜோடி வைத்தால் ஹாலில் ஆள் நடக்க முடியாது. ஆகவே இரண்டு ஆம்ப்ளிஃபையரின் ஒயர்களையும் அதே ஸ்பீக்கர்களில் சேர்த்து முறுக்கிவிட்டார்.

"ஒண்ணு ஓடறப்ப இன்னொண்ணு ஆஃப்ல இருக்கணும். ரெண்டும் ஒண்ணாப் போனா ஒண்ணோட கரண்ட் இன்னொண்ணுக்குள்ள புகுந்து கருக்கிடும்" என்றார்.

"அப்ப ஞாபகமா இருக்கணுங்கறீங்க."

"நாம ரெண்டு பேர்தானே."

அலுவலகத்தில் யாராவது இப்படி ஒரு லிஃப்டை விட்டு வந்திருந்தால் அவர் வானத்துக்கும் பூமிக்கும் குதித்திருப்பார். வீடு என்றதும் கை அசந்துவிட்டது.

அசதி மட்டும் காரணமில்லை. அந்த மரப்பெட்டியைத் தொடவே அவருக்கு ஒரு கூச்சம் இருந்தது. அது நர்சம்மாவின் முதல் கணவருடையது என்று அவராகவே முடிவுகட்டியிருந்தார். யாரும் சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை. சாயங்காலம் வேலை முடிந்து வந்து, வெந்நீர் வாளியில் காலை வைத்துக்கொண்டு நர்சம்மா கண்மூடிக் கேட்பதைப் பார்க்கும்போது, அந்தக் குமிழைத் திருகிய விரல்கள் எப்படி இருந்திருக்கும் என்று யோசனை ஓடும். செத்தவனோடு என்ன போட்டி என்று தன்னையே திட்டிக்கொள்வார். அந்த ஆம்ப்ளிஃபையர் ஓடுவதைக் காட்டும் சின்ன விளக்கு கெட்டுப்போயிருந்தது. மாற்ற வேண்டும் என்று தெரிந்தும் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நர்சம்மாவுக்கு அவசர அழைப்பு. கேசட் தானாக ஓடி நின்றிருந்தது. ஆம்ப்ளிஃபையரை அணைக்க மறந்து கிளம்பிவிட்டார். கதவு குளித்துவிட்டு வந்தார். சத்தமில்லை, விளக்குமில்லை. தன் ரெக்கார்டைப் போட்டு, குமிழைத் தாராளமாகத் திருகினார். நாலு வரி வயலின்கூட முடியவில்லை. மரப்பெட்டிக்குள் பட்டென்று ஒரு சத்தம், மேல் துளைகளிலிருந்து நீலமாகப் புகை.

ஓடிப்போய் பிளக்கைப் பிடுங்கினார். அவருடையது ஃபியூஸ் போனதோடு தப்பித்துக்கொண்டது. அதுதான் அவரை இன்னும் அறுத்தது. வேண்டுமென்றே செய்ததாக யாராவது நினைத்தால்? நான்தான் வேண்டுமென்று செய்தேனோ?

ஜன்னல்களைத் திறந்துவிட்டார். மின்விசிறியை முழு வேகத்தில் ஓடவிட்டார். பெட்டியைத் துணியில் சுற்றி ரேடியோ ரிப்பேர் கடைக்குக் கொண்டுபோனார். கடைக்காரர் திறந்து பார்த்து, "டிரான்சிஸ்டரெல்லாம் கரிக்கட்டை. வேற கிடைச்சா போடலாம், தேடிப் பாக்கறேன்" என்றார்.

மத்தியானம் நர்சம்மா வந்ததும், "வெளக்கு மாத்தக் குடுத்திருக்கேன்" என்று சொல்லிவைத்தார். "சரி" என்றார் நர்சம்மா. அந்த வாரம் முழுக்க வீட்டில் யாரும் பாட்டுப் போடவில்லை.

நர்சம்மாவிடம் நேராகச் சொல்லத் துணிவு வரவில்லை. கடைசியில் நர்சம்மாவின் மகள் வீட்டுக்குப் போனார். நாலு தெரு தள்ளித்தான். அந்தப் பெண்ணுக்கு இவரை எப்படிக் கூப்பிடுவது என்று இன்னும் பிடிபடவில்லை. 'அப்பா' வரவில்லை, 'அங்கிள்' அசட்டுத்தனமாக இருந்தது. "இங்க பாருங்க", "வந்து" என்றே ஒப்பேற்றிக்கொண்டிருந்தாள்.

"வாங்க. அம்மாவுக்கு ஏதாவது...?"

"அம்மா நல்லா இருக்காங்கம்மா. நான்தான் ஒரு தப்புப் பண்ணிட்டேன். உங்க அப்பாவோட ஆம்ப்ளிஃபையரை எரிச்சுட்டேன்."

"எங்கப்பாவோடதா?" மகள் சிரித்துவிட்டாள். "வந்து, அப்பாவுக்குப் பாட்டுச் சத்தமே ஆகாது. தலைவலி வந்துடும். அது அம்மா ரெட்டை ஷிஃப்ட் பாத்து வாங்கினது. அப்பா வீட்ல இல்லாதப்பதான் போடுவாங்க. அதுவும், காதை ஒட்டி வெச்சாதான் கேக்கும்."

கதவுக்கு முதலில் நிம்மதி வந்தது. படியிறங்குவதற்குள் அது வெட்கமாக மாறிவிட்டது. இல்லாத ஓர் ஆளோடு ஒரு வருஷம் மல்லுக்கட்டியிருக்கிறோமே!

வீட்டுக்கு வந்து, வாளியில் காலோடு உட்கார்ந்திருந்த நர்சம்மாவின் எதிரே ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

"வெளக்கு மாத்தக் குடுக்கல. எரிஞ்சுபோச்சு. என் கைதான்."

"தெரியும்."

"எப்படி?"

"ஆபரேஷன் தியேட்டர்ல ரத்தம் நிக்கச் சதையைச் சுடுவாங்க, நான் தெனமும் அந்தக் கரியற வாசனையிலேயே நிக்கறவ. ஜன்னலத் தெறந்து வெச்சுட்டா எனக்குத் தெரியாதா? நீங்களா சொல்றீங்களான்னு பாத்துட்டிருந்தேன்." காலை வாளிக்குள் மாற்றி வைத்துக்கொண்டார். "ஆஃப் பண்ணாமப் போனது நான். அதை நீங்களும் சொல்லிக் காமிக்கல."

"அது அவரோடதுன்னு நெனச்சுட்டேன்."

"அவரு நல்ல மனுஷன். சத்தம்தான் ஆகாது. கல்யாணமான நாள்லேருந்து கொறச்சு வெச்சே கேட்டேன். இங்க வந்தும் பாருங்க, கை தானா கொறைக்குது. கூட்டலாம்னா ஈரக் காலோட எந்திரிச்சுப் போகணும். ஷாக் அடிக்கும்னு பயம். அப்படியே விட்டுடுவேன்."

"நீங்க எந்திரிக்கவே வேணாம்" என்றார் கதவு.

கடைக்காரர் வேறொரு பழைய பெட்டியிலிருந்து பொருந்தும் டிரான்சிஸ்டர்களைக் கழற்றிப் போட்டுக் கொடுத்தார். அதற்குள் கதவு, லிஃப்டில் செய்வதையே வீட்டிலும் செய்தார். ஒரு தகரப் பெட்டிக்குள் ரிலேக்களை வைத்து, ஸ்பீக்கர் ஒயர்கள் நாலையும் அதன் வழியே கொண்டுபோனார். ஒரு நேரத்தில் ஓர் ஆம்ப்ளிஃபையருக்குத்தான் கரண்ட் கிடைக்கும், ஸ்பீக்கரும் அதன் பக்கம்தான் சாயும். ஒன்று முழுசாக விலகாமல் மற்றது ஒட்டாது. ரிமோட்டோடு வரும் சின்ன வால்யூம் போர்டு ஒன்றைக் கடைவீதியில் வாங்கி, டெக்குக்கும் ஆம்ப்ளிஃபையருக்கும் நடுவில் நுழைத்தார். ரெக்கார்ட் பிளேயர் பக்கம் தனக்கு அப்படி எதுவும் வைத்துக்கொள்ளவில்லை. விளக்கையும் மறக்காமல் மாற்றினார்.

முதல்முறை சோதித்தபோது டக் என்று ஒரு சத்தம் மட்டும் கேட்டது, பாட்டு வரவில்லை. ஸ்பீக்கர் ஒயர் ஒன்று கழன்றிருந்தது. நர்சம்மா, "ஏன் இவ்ளோ நேரம்?" என்றார். கதவு ஸ்குரூ டிரைவரை வாயில் கடித்துக்கொண்டு சிரித்ததில் அது கீழே விழுந்தது.

இரண்டாம் முறை வந்தது. நர்சம்மா வாளியிலிருந்து காலை எடுக்காமல் பொத்தானை அழுத்தினார். கொஞ்சம் கூட்டினார். கதவைப் பார்த்தார். அவர் தலையசைத்தார். இன்னும் கூட்டினார். ஷோகேஸ் கண்ணாடி அதிர்ந்தது. குழந்தை மாதிரி வாய்விட்டுச் சிரித்தார்.

கீழ்வீட்டுக்காரர் இரண்டு தடவை வந்து கதவைத் தட்டியிருக்கிறார். இரண்டு தடவையும் லிஃப்ட்காரர்தான் போய் மன்னிப்புக் கேட்டார். மகள் இப்போதெல்லாம் வாசலிலிருந்தே, "கதவப்பா, மொதல்ல சத்தத்தைக் கொறைக்கச் சொல்லுங்க!" என்று கத்திக்கொண்டுதான் உள்ளே வருகிறாள். ரிமோட் நர்சம்மாவின் மடியிலேயே கிடக்கிறது. தன் ரெக்கார்டைப் போடக் கதவு அவரிடம் கேட்டுத்தான் முறை வாங்க வேண்டியிருக்கிறது.