சர்க்கரையை நிறுத்தினால் கட்டி கரையுமா?

மாவு மூட்டை இறக்குபவரின் மனைவிக்கு அவள் சித்தி சொன்னாளாம். சித்திக்கு வேறு யாரோ சொன்னார்களாம். சர்க்கரையை அடியோடு விட்டால் மார்பில் இருக்கும் கட்டி பட்டினி கிடந்து தானாகக் கரைந்துவிடுமாம். பேக்கரியின் பின்கட்டில் இந்தப் பேச்சு என் அக்கா காதில் விழுந்தபோது, அவளுக்கு இடது மார்பில் பட்டாணி அளவில் ஒன்று ஏற்கெனவே தட்டுப்பட்டிருந்தது. யாரிடமும் அவள் மூச்சு விடவில்லை.

ஐம்பத்திரண்டு வயது. கடையில் எல்லோருக்கும் அவள் க்ரீமக்கா. அத்தான் போன பிறகு, கேக்குக்கு க்ரீம் அடித்துப் பூசித்தான் மகளை ஆளாக்கினாள். ஒவ்வொரு கலவையும் அவள் நாக்கைத் தாண்டித்தான் வெளியே போகும். ஒரு துளி எடுத்து வாயில் வைத்துக் கண்ணை மூடுவாள். "ம்ஹூம்" என்றால் முதலாளியம்மாவே மறுபேச்சுப் பேச மாட்டார்.

அன்றோடு ருசி பார்ப்பதை நிறுத்திவிட்டாள். தேநீருக்கும் சர்க்கரை கிடையாது, பழங்கூடத் தொடவில்லை. உடம்பு இளைத்தது. கூடவே கட்டியும் இளைக்கிறது என்று நம்பினாள்.

சர்க்கரைப் பொடி டப்பாவும் உப்புப் பொடி டப்பாவும் ஒரே அச்சு. ஒருநாள் கை மாறிவிட்டது. பிறந்தநாள் கேக் போன வேகத்தில் திரும்பி வந்தது.

"க்ரீமக்கா, இதை வாயில வெச்சுப் பாத்தியா?" என்று கேட்டார் முதலாளியம்மா.

"பாத்தேனே."

"பாத்த லட்சணமா இது? கடல் தண்ணி தோத்துது போ! உண்மையைச் சொல்லு, நாக்குக்கு என்ன ஆச்சு?"

"நாக்குக்கு ஒண்ணுமில்லம்மா," என்று ஆரம்பித்தவள் உட்கார்ந்து அழுதுவிட்டாள். விஷயம் வெளியே வந்தது. முதலாளியம்மா ஏப்ரனைக்கூடக் கழற்றவிடாமல் அவளை மருத்துவமனைக்கு இழுத்துப் போனார்.

டாக்டரம்மா நிதானமாகச் சொன்னாராம்: "மாதவிடாய் நின்னப்புறம் எடை ஏறினா மார்புப் புற்று வர்ற ஆபத்து கூடும். மதுவும் கூட்டும். கலோரி சர்க்கரையிலேருந்து வருதா, கொழுப்புலேருந்து வருதாங்கறது வித்தியாசம் பண்ணுமான்னு அவ்வளவு தெளிவான முடிவு இன்னும் இல்ல. ஆனா வந்த கட்டியைப் பட்டினி போட்டுக் கரைக்க முடியாது. நீங்கதான் கரைவீங்க. எத்தனை மாசமா இருக்கு?"

"நாலு."

டாக்டரம்மா உடனே கையுறையை மாட்டினார். ஊசி போட்டுச் சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்.

இவ்வளவும் முடிந்த பிறகுதான் கடல் தாண்டி இருக்கும் எனக்குத் தகவல் வந்தது.

"ஏன்க்கா என்கிட்ட முதல்லயே சொல்லல?"

"சொல்லியிருந்தா நீ கம்ப்யூட்டர்ல தோண்டித் தோண்டி என்னைப் புதைச்சே இருப்பே."

"இப்பவாவது ஒழுங்கா சாப்பிடறியா?"

"சாப்பிடறேன்டி. நேத்து ஒரு துண்டு கேக்கு. முதலாளியம்மா எதிர்லயே நின்னு, போலீஸ் மாதிரி, கடைசி வாய் வரைக்கும் பாத்தாங்க."

பரிசோதனை முடிவு இன்று காலை தெரியும் என்றிருந்தார்கள். மகளைக் கூட்டிக்கொண்டு போனாள். வெளியே வந்ததும் கூப்பிடுவதாகச் சொல்லியிருந்தாள். அங்கே இப்போது மதியம் சாய்ந்துவிட்டது. நானே போன் அடித்தேன். மணி போய் ஓய்ந்தது. மகளின் எண்ணுக்கு அடித்தேன். அதுவும் போய்க்கொண்டே இருக்கிறது, யாரும் எடுக்கவில்லை.