மேற்கே போன தென்காசி

பிறர் எழுதிய கோப்புகளில் பிழை கண்டுபிடித்தே சம்பளம் வாங்கி, ஓய்வும் பெற்றுவிட்டேன். அந்தத் தொழிலை நான் தொடங்கியது பஹ்ரைனில், சிறுமியாக இருந்தபோது, ஒரு மலையுச்சியில்.

மலை என்று சொல்வது ஒரு மரியாதைக்காக. அந்தத் தீவிலேயே உயரமான இடம் அதுதான். ஜபல் துகான், அதாவது புகை மலை. செருப்புக் காலோடு பேசிக்கொண்டே ஏறிவிடலாம்.

அம்மாவும் நானும் அப்பாவிடம் வந்து சில மாதங்களே ஆகியிருந்தன. குதைபியா என்ற நெரிசலான பகுதியில் ஒற்றை அறை. ஜன்னலைத் திறந்தால் எதிர்வீட்டுச் சுவர். அம்மா முதலில் கற்ற அரபுச் சொல் 'மாஃபி', இல்லை என்று பொருள். அடுத்தது 'கலாஸ்', முடிந்தது. இந்த இரண்டையும் வைத்தே தீர்ப்பு எழுதிவிட்டாள்: "காத்து மாஃபி, மரம் மாஃபி, பேச ஒரு ஆளு மாஃபி. லீவுல ஊருக்குப் போனா நானும் புள்ளையும் திரும்ப மாட்டோம். கலாஸ்."

அப்பா மேல்முறையீடு செய்யவில்லை. "ஒரே ஒரு வெள்ளிக்கிழமை மட்டும் தா" என்றார். வார விடுமுறையான அந்த நாளில் நண்பரின் வண்டியை இரவல் வாங்கி, வெயில் தாழ்ந்ததும் எங்களை அந்த மலைக்குக் கூட்டிப் போனார்.

தென்காசிக்காரியான அம்மா மலையை அண்ணாந்துகூடப் பார்க்கவில்லை. "இதுக்குப் பேரு மலையாக்கும்? குத்தாலத்துல இத மேடுன்னுகூடச் சொல்ல மாட்டாங்க." ஆனால் முதலில் மேலே போய் நின்றது அவள்தான்.

கிழக்கே புழுதிமூட்டம்; ஒன்றும் தெரியவில்லை. மேற்கே பாறைகள் சட்டென்று சரிந்து, வெளிறிய வெற்றுநிலம் விரிந்து, அதன் விளிம்பில் கடல் தகதகத்துக் கிடந்தது. முந்தானை படபடக்கக் கடலைப் பார்த்து நின்றாள் அம்மா. பிறகு கேட்டாள்: "நம்ம ஊரு எந்தப் பக்கம்?"

அப்பா கிழக்கே பார்த்தார். புழுதி. திரும்பி, மேற்குக் கடலை நோக்கிக் கையை நீட்டினார். "அதோ, அந்தத் தண்ணிக்கு அங்கிட்டு."

பள்ளியில் திசைகள் பாடம் அப்போதுதான் முடிந்திருந்தது. உடனே ஆட்சேபம் தெரிவித்தேன். "அப்பா, சூரியன் அங்கதான மறையுது! அது மேற்கு. இந்தியா கிழக்கால இருக்கு."

"சும்மா கெட புள்ள. அப்பாவுக்குத் தெரியாதாக்கும்?" என்றாள் அம்மா, கடலிலிருந்து கண்ணை எடுக்காமல். "பக்கத்துலதான் இருக்கு போல."

அப்பாவுக்குத் திசை தெரியவில்லை, அம்மா ஏமாந்துவிட்டாள், உண்மை தெரிந்த ஒரே ஆள் நான்தான் என்று இறங்கும் வழியெல்லாம் பொருமினேன். காலைதோறும் கிழக்கு பார்த்து விளக்கேற்றுகிறவளுக்கு நான் திசை சொல்லித் தருவதாவது என்று தோன்றவில்லை. அடிவாரத்தில் அம்மா செருப்பு மணலைத் தட்டியபடி அப்பாவிடம் ஏதோ சொன்னாள். பிழையை எப்படி நிரூபிப்பது என்ற யோசனையில், அது காதில் விழுந்தும் நான் கவனிக்கவில்லை.

"அடுத்த வெள்ளிக்கிழமை வரும்போது புளியோதரை கட்டிட்டு வருவோம்."