டப்பாவை நீட்டிய பெண்

அரிமளம் பஸ்ஸில் ஏறியதும் அந்தப் பெண் ஈரத்துணியால் சீட்டையும் கம்பியையும் துடைத்தாள். அதற்குப் பிறகுதான் தன் மூன்று வயது மகனை என் பக்கத்தில் உட்கார வைத்தாள். பெரிய சுத்தக்காரிதான் என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

பிள்ளை பசி என்றதும் டப்பாவைத் திறந்தாள். பேரீச்சம்பழத்தையும் அவலையும் இடித்து, அடுப்பில் வைக்காமலே பிடித்து, தேங்காய்ப்பூவில் புரட்டிய உருண்டைகள். அக்கம்பக்கத்தில் நீட்டாமல் எப்படித் தின்பது? எனக்கு நீட்டினாள், வேண்டாம் என்றேன். பக்கத்து வரிசைக்காரர் உள்ளே கைவிட்டு ஒன்றை எடுத்தார். அவர் விரல்களில் வேர்க்கடலைத் தோல் ஒட்டியிருந்ததை அப்போதுதான் அவள் கவனித்தாள். மகன் கை நீட்டினான். சட்டென்று டப்பாவை மூடினாள்.

"ஏம்மா, நாங்க தொட்டத ஒங்க பிள்ள திங்காதோ?" என்றார் அவர்.

முன் சீட்டுக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அந்தக் கேள்விக்கு எங்கள் பக்கத்தில் என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும்.

"ஐயோ, அது இல்லண்ணே. இவனுக்குக் கடலை பட்டாலே மூச்சு அடைச்சிரும்."

"நல்லா சொல்றீங்க கதை."

அவள் டப்பாவைத் திறந்தாள். கடலைத் தோல் ஒட்டிய உருண்டை ஒன்றை எடுத்து, அவர் கண்ணெதிரே தின்றாள். மிச்சத்தை டப்பாவோடு அவரிடம் கொடுத்தாள். அவர் தலை கவிழ்ந்தது.

"அக்கா, நீங்க கடலை எதுவும் திங்கலையே? நான் கையையும் வாயையும் சோப்புப் போட்டுக் கழுவுற வரைக்கும் இவன வச்சுக்கங்க," என்று எழுந்துவிட்டாள்.

அரிமளம் வரும்வரை அவன் என் மடியிலிருந்து "அம்மா, தூக்கு" என்று அழுதான். அவள் தள்ளி நின்றாள், இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டு.