குருவி வெல்டரின் கடைசிக் கூண்டு

செய்தி வந்தபோது மாலை மணி நாலு ஐம்பது. நகரசபை அலுவலகத்தில் தங்கை தட்டச்சு செய்துகொண்டிருந்தது, சொந்த அண்ணனுக்குப் போகவேண்டிய நோட்டீஸ். 'பொதுச்சொத்தைச் சேதப்படுத்தியதற்கு' என்ற வரி வரை வந்திருந்தாள். போனில் அண்ணனின் வெல்டிங் பட்டறைக்குப் பக்கத்துக் கடை மெக்கானிக்.

"அண்ணன் வேலை செஞ்சுட்டே சரிஞ்சுட்டாரும்மா. ஆஸ்பத்திரி போய்ச் சேரல."

அப்படி என்ன சேதம்? கடற்கரையில் உப்புக்கொத்திகள் முட்டையிடும் மணல்திட்டு ஒன்று உண்டு. கைக்குள் அடங்கும் பறவை. கூடு கட்டத் தெரியாது. மணலில் ஒரு குழி, அதில் கூழாங்கல் நிறத்தில் மூன்று முட்டை, அவ்வளவுதான் அதன் குடித்தனம். அண்ணன் வருடாவருடம் மிச்சக் கம்பியில் அடியில்லாத கூண்டுகள் செய்து குழிகளின்மேல் கவிழ்ப்பார். கம்பிக்குக் கம்பி மூன்று விரல் இடைவெளி. தாய்ப்பறவை நுழையும், காக்கையும் நாயும் நுழையாது. ஊர் அவருக்குக் குருவி வெல்டர் என்று பெயர் வைத்துச் சிரித்தது.

இந்த வருடம் நகரசபைக்குத் திடீரென்று பறவைப் பாசம் பொங்கியது. திட்டின் நடுவில் பத்தடி உயர இரும்புப் பலகை நட்டார்கள்: 'பறவைகளைப் பாதுகாப்போம்'. எழுத்தைவிட நகரசபைத் தலைவரின் படம் பெரியது. பலகை இருக்கும்போது கூண்டு எதற்கு என்று எல்லாக் கூண்டுகளையும் அள்ளிக் காயலான் கடைக்கு அனுப்பினார்கள். மறுநாளே காக்கைகள் பலகைமேல் ஏறி உட்கார்ந்து, எந்தப் பறவை எங்கிருந்து எழுகிறது என்று நோட்டம் பார்த்தன. பன்னிரண்டு குழிகளில் பதினொன்று காலி. காக்கைக்குப் பந்தி வைத்து, பந்திக்கு விளம்பரமும் வைத்த நகரசபை வேறெங்கும் இருக்காது. அண்ணன் ஏணி போட்டு ஏறி, காக்கை உட்காராதபடி பலகையின் மேல்விளிம்பு நெடுக ஆணிகளைப் பற்றவைத்தார். அதற்குத்தான் நோட்டீஸ்.

துக்கம் கேட்கத் தலைவர் போட்டோகிராபரோடு வந்தார். அண்ணி சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

"மாமனிதர்மா உங்க அண்ணன்," என்றார் தங்கையிடம். "ஞாயித்துக்கிழமை அவர் நேசிச்ச மணல்லயே இரங்கல் கூட்டம். ஐநூறு சேர். டிராக்டர் விட்டு மேடு பள்ளத்தைச் சமன் பண்ணிடலாம்."

"அங்க ஒரு குழியில இன்னும் முட்டை இருக்கு சார். நாலஞ்சு நாள்ல பொரிஞ்சிடும்."

"மூணு முட்டைக்கா மூக்கைச் சிந்துறே? ஒரு டிரே வாங்கி அனுப்பறேன்மா." கூட வந்தவர்கள் துக்க வீட்டையும் மறந்து சிரித்தார்கள்.

அண்ணி திரும்பினாள். "போன வாரம் வரைக்கும் பைத்தியம்னீங்க. இன்னைக்கு மாமனிதரா? நடுவுல எந்தப் பரீட்சையில சார் பாஸானார்?"

தலைவருக்கு அவசர வேலை நினைவுக்கு வந்துவிட்டது.

டிராக்டரும் நாற்காலியும் நகர வேண்டுமானால் உத்தரவு வேண்டும். உத்தரவைத் தட்டச்சு செய்வது தங்கை. தட்டியதைப் படிக்காமல் கையெழுத்துப் போடுவதில் தலைவருக்குப் பதினைந்து வருட அனுபவம். இடம் என்ற கட்டத்தில் அவள் 'அலுவலகப் பின்புற வாகன நிறுத்துமிடம்' என்று அடித்தாள். வழக்கம்போலக் கையெழுத்து விழுந்தது.

ஞாயிறு காலை ஐநூறு நாற்காலியும் தார்த்தரையில் வரிசைகட்டி நின்றன. தன் கையெழுத்தோடு தானே சண்டை போட முடியுமா? உச்சி வெயிலில், எழுதிக் கொடுத்த தாளைப் பார்த்து, தலைவர் கொக்குகளைப் பற்றி நாற்பது நிமிடம் பேசினார். உப்புக்கொத்தி கொக்கு அல்ல என்று சொல்ல அங்கே யாருமில்லை. சொல்லக்கூடியவர்கள் இருவரும், பட்டறை மேசையில் அண்ணன் பாதியில் விட்டுப்போன கடைசிக் கூண்டை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு திட்டுக்குப் போயிருந்தார்கள்.

கூண்டைக் கவிழ்த்துவிட்டுத் தள்ளி நின்றார்கள். கால்மணி நேரம் கழித்துத் தாய்ப்பறவை ஓடி வந்து, கம்பியைச் சுற்றிப் பார்த்து, உள்ளே நுழைந்து உட்கார்ந்தது. அண்ணி அப்போதுதான் அழுதாள்.

புதன்கிழமை மூன்றில் இரண்டு பொரிந்தன. கூண்டின் நாலாவது பக்கத்தில் இரண்டு மூலைகள் இன்னும் பற்றவைக்கவில்லை, சணலில் கட்டியிருக்கிறது.